பூஜ்ஜியம் நாள் வராத சவரிமுத்து

1. ஜன்னலுக்கு வந்த தாள்

எங்கள் கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு ஒரு ஜன்னல் உண்டு. கதவு வழியாக யாரும் உள்ளே வரக் கூடாது என்று பலகை மாட்டியிருந்ததால் தொழிலாளிகள் எல்லோரும் அந்த ஜன்னல் வழியாகத்தான் பேசுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நிற்பார்கள். வெளியே நிற்கிறவர் எதற்காகச் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அந்த மெஷினுக்கு அப்படி ஒரு மரியாதை இருந்த காலம்.

ஒரு புதன்கிழமை காலை சவரிமுத்து அண்ணன் அப்படி வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். பஞ்சு நூலாகும்போது அறுந்துபோகாமல் இருக்கக் காற்றில் ஈரம் ஏற்றுகிற பிளான்ட்டை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த பிளான்ட் ஓடும். கையில் நாலாக மடித்த தாள் ஒன்று வைத்திருந்தார்.

"தாயி, இதை வாசிச்சுச் சொல்லணும்."

"உங்களுக்கு வாசிக்கத் தெரியுமேண்ணே. சர்ச்சுல நீங்கதானே பைபிள் வாசிக்கிறீகன்னு சொன்னாக."

"தெரியும். வாசிச்சேன். அதான் வந்தேன்."

அது அச்சடித்த படிவம். காலி இடங்களை மட்டும் எங்கள் பிரிண்டர் நிரப்பியிருந்தது. "சித்திரைத் திருவிழாவை ஒட்டிய நாட்களில் தாங்கள் முன் அனுமதியின்றி 0 நாட்கள் பணிக்கு வராமல் இருந்துள்ளீர்கள். இதற்கான காரணத்தை ஏழு தினங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கத் தவறினால் தங்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்." கீழே பர்சனல் மேனேஜரின் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பில்.

"பூஜ்ஜியம் நாள் வரலைன்னு போட்டிருக்கு. நான் வந்தேன்னு சொல்றீகளா, வரலைன்னு சொல்றீகளா?"

"வந்தீகன்னுதான் அர்த்தம்ணே."

"அப்ப எதுக்குக் காரணம் கேக்குறீக?"

தாளை வாங்கி வைத்துக்கொண்டு, "சாயந்தரம் வாங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அந்த நம்பரை நிரப்பிய புரோகிராமை எழுதியது நான்தான் என்பது அவருக்குத் தெரியாது.

2. மெஷினும் பி.எம்.மும்

இது எண்பதுகளின் பிற்பகுதியில் நடந்தது. நான் கணக்கில் பி.எஸ்ஸி. முடித்து, மெட்ராஸில் இரண்டு வாரம் யூனிக்ஸ் கோர்ஸ் போய்விட்டு வந்திருந்தேன். வீடு பழங்காநத்தத்தில். பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருந்த ஒரு நூற்பாலையில் வேலை கிடைத்தது. மில்லின் பெயர் இங்கே வேண்டாம். ஆறு மாதம் புரொபேஷன்.

மில்லில் ஏ.சி. போட்ட அறைகள் இரண்டே இரண்டு. ஒன்று எம்.டி.யுடையது, இன்னொன்று கம்ப்யூட்டருடையது. ஆகவே பர்சனல் மேனேஜர் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் கம்ப்யூட்டரை மேற்பார்வையிட வருவார். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, ஒரு மணி நேரம் மேற்பார்வையிடுவார். எல்லோரும் அவரை பி.எம். என்றுதான் சொல்வார்கள். வருகை எடுக்க மில்லில் ஆளுக்கொரு டோக்கன் நம்பர் உண்டு. எம்.டி.க்கு மட்டும் அது கிடையாது என்பதால் மில்லின் ஒன்றாம் நம்பர் டோக்கன் அவருடையது. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

முதல் நாள் அவரைப் பார்த்ததுமே எங்கோ பார்த்த முகம் என்று தோன்றியது. மாலை பஸ்ஸில்தான் நினைவு வந்தது. வேலையில் சேர்வதற்கு இரண்டு வாரம் முன்பு, அழகர் ஆற்றில் இறங்கிய அன்று, வைகைக்குள் நானும் அம்மாவும் நின்றிருந்தோம். நனைந்த பனியனும் கையில் சொம்புமாக ஒரு பெரிய மனிதர் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, என் வலது காலை மிதித்து, "தள்ளும்மா, சாமி வருதுல்ல" என்று என்னையே அதட்டிவிட்டு முன்னால் போனார். கட்டைவிரல் நகம் கறுத்துப்போய், வேலையில் சேர்ந்த அன்றும் அப்படியேதான் இருந்தது. அந்த மனிதர்தான் இவர்.

நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. திருவிழாவுக்குப் போவது குற்றமில்லையே. குற்றம் என்று அவர் சொல்லும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேர்மன் வந்து மெஷினுக்கு மாலை போட்டு, மானிட்டருக்கு மூன்று இடத்தில் சந்தனம் வைத்துத் தொடங்கிவைத்தார். மறுநாளே பி.எம். என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா கோமதி, அழகர் ஆத்துல இறங்குறாருன்னு இந்தப் பயலுக மில்லையே காலி பண்ணிட்டுப் போயிடுறானுக. இந்த வருசம் விடப்போறதில்ல. ஒரு நாள் போனவன், மூணு நாள் போனவன், பத்து நாள் போனவன், எம்புட்டு நாள் போயிருந்தாலும் சரி, அம்புட்டுப் பேரையும் எடு. ஆளுக்கொரு மெமோ."

வருகைப் பதிவு ஃபைலில் ஆளுக்கு ஒரு வரி. முதலில் டோக்கன் நம்பர், அப்புறம் பத்து எழுத்து. வார லீவைக் கழித்துவிட்டால் திருவிழாவை ஒட்டிய வேலை நாள் பத்து. வந்த நாளுக்கு P, வராத நாளுக்கு A. மூன்று நாள் வராதவர் வரி PPPPPAAAPP என்று இருக்கும்.

ஃபைலுக்குள் ஒரு எழுத்து அமைப்பைத் தேட யூனிக்ஸில் கிரெப் என்று ஒரு கட்டளை உண்டு. என்ன தேட வேண்டும் என்பதை ஒரு அச்சாக எழுதிக் கொடுத்தால், பொருந்துகிற வரிகளை எல்லாம் எடுத்துத் தரும். ஒரு எழுத்துக்குப் பின்னால் நட்சத்திரக் குறி போட்டால் "அந்த எழுத்து எத்தனை தடவை வந்தாலும்" என்று கோர்ஸில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பி.எம். சொன்ன "எம்புட்டு நாள் போயிருந்தாலும்" என்பதை நான் அப்படியே மெஷினிடம் சொன்னேன்.

grep 'A*' varugai

மேனுவலில் "ஜீரோ ஆர் மோர்" என்று அச்சிட்டிருந்தது உண்மை. நான் அதை வாசித்தும் இருந்தேன். மோர்தான் விஷயம், ஜீரோவைச் சும்மா முறைக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

சோதித்துப் பார்க்காமல் இல்லை. டைம் ஆபீஸ் கிளார்க் மாயாண்டியிடம் திருவிழாவுக்குப் போன ஐந்து பேருடைய டோக்கன் நம்பரைக் கேட்டு வாங்கி, அந்த ஐந்து வரிகளை மட்டும் தனி ஃபைலில் போட்டு ஓட்டினேன். ஐந்தும் வந்தன. பெருமையாக இருந்தது. முழு ஃபைலையும் ஓட்டினேன். எண்ணூற்று நாற்பத்து மூன்று வரிகள் உள்ளே போயின, எண்ணூற்று நாற்பத்து மூன்றும் வெளியே வந்தன.

வேறு எந்த ஊர் மில்லாக இருந்தாலும் அங்கேயே தப்பு பிடிபட்டிருக்கும். ஒரு ஆள் பாக்கியில்லாமல் எல்லோருமா வராமல் இருந்திருப்பார்கள் என்று யாராவது கேட்டிருப்பார்கள். இது மதுரை.

"எல்லாப் பயலுமாடா?" என்று பி.எம். கேட்டார்.

"அழகர் இறங்குற அன்னைக்கு மதுரையில எவன் சார் மில்லுக்குள்ள இருப்பான்?" என்றார் மாயாண்டி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு.

பி.எம்.முக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது. "நான் சொன்னா எம்.டி. நம்ப மாட்டாரு. மெஷினே சொல்லிடுச்சு பாரு" என்றார். வரியில் எத்தனை A என்று எண்ணிப் படிவத்தின் காலி இடத்தை நிரப்ப ஒரு சின்ன புரோகிராம் எழுதி, எண்ணூற்று நாற்பத்து மூன்று மெமோக்கள் அடித்தோம். பிரிண்டர் ரிப்பன் தீர்ந்து, இரண்டாவது ரிப்பன் மாட்டி அடித்தோம். கையெழுத்து ஸ்டாம்பை மாயாண்டி குத்தினார். யாரும் ஒரு தாளைக்கூட வாசிக்கவில்லை.

3. காலி வெற்றிலைப் பெட்டி

சவரிமுத்து அண்ணன் போனதும் அவருடைய வரியை எடுத்துப் பார்த்தேன். PPPPPPPPPP. ஒரு A கூட இல்லை. பிறகு எதற்கு இது வெளியே வந்தது? மேனுவலை எடுத்து அந்தப் பக்கத்தை ஐந்து தடவை வாசித்தேன். ஆறாவது தடவை அந்த ஜீரோ என்னைப் பார்த்தது.

மாயாண்டியைக் கூப்பிட்டேன். சோழவந்தான்காரர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு தகர வெற்றிலைப் பெட்டி இருக்கும்.

"அண்ணே, பெட்டியில எத்தனை வெத்தலை இருந்தாலும் குடுங்க."

திறந்து பார்த்தார். "தீந்துபோச்சும்மா."

"இருக்கட்டும். எத்தனை இருந்தாலும்னு கேட்டேன்ல? பூஜ்ஜியம் இருக்கு. குடுங்க."

"என்னத்தக் குடுக்குறது?" என்று காலிக் கையை நீட்டினார்.

"இதைத்தான்ணே மெஷின் குடுத்திருக்கு."

நட்சத்திரத்துக்கு "எத்தனை இருந்தாலும்" என்பதில் இல்லாததும் சேர்த்தி. A ஒன்று இருந்தாலும் பொருந்தும், பத்து இருந்தாலும் பொருந்தும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் பொருந்தும். நீளமே இல்லாத ஒரு பொருத்தம். எந்த வரியிலும், எந்த எழுத்துக்கு முன்னாலும் பின்னாலும், அப்படிப்பட்ட வெறுமை கட்டாயம் இருக்கும். ஆகவே எந்த வரியும் தப்பாது. என் கட்டளைக்கு "வராதவர்களைக் கொடு" என்று அர்த்தமே இல்லை. "ஃபைலைக் கொடு" என்றுதான் அர்த்தம். வராதவர்கள் வேண்டுமென்றால் 'AA*' என்று எழுதியிருக்க வேண்டும். முதலில் ஒரு A நிச்சயமாக இருக்கட்டும், அதற்குப் பின்னால் எத்தனை இருந்தாலும் சரி. எக்ரெப் என்ற கிரெப்பின் தம்பியிடம் 'A+' என்றே சொல்லலாம். கூட்டல் குறி பூஜ்ஜியத்தை ஏற்காது.

மாயாண்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப சவரிமுத்து சோலி முடிஞ்சுது" என்றார்.

அப்போதுதான் முழு விஷயமும் எனக்குத் தெரிந்தது. அந்த மில்லில் எழுதாத வழக்கங்கள் இரண்டு உண்டு. ஒன்று, சித்திரைத் திருவிழாவுக்கு பிளான்ட்டையும் சில மெஷின்களையும் வேதக்காரர்களும் முஸ்லிம்களும் பார்த்துக்கொள்வார்கள். கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இது தொழிலாளிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. இன்னொன்று நிர்வாகத்தின் வழக்கம். இருபத்தைந்து வருஷம் ஒரு மெமோகூட வாங்காதவரின் பிள்ளைகளில் ஒருவருக்கு மில்லில் நிரந்தர வேலை. சவரிமுத்து அண்ணனுக்கு அந்த மாதம் இருபத்தைந்து வருஷம் முடிகிறது. மகள் ஆரோக்கியமேரி டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்தாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. பதில் ஏற்கப்படாத மெமோ ஒன்று ஃபைலில் இருந்தால் அவள் பெயர் இன்டர்வியூ லிஸ்டுக்கே போகாது.

சாயந்தரம் அவர் ஜன்னலுக்கு வந்தபோது உண்மையைச் சொன்னேன்.

"தப்பு என்னோடதுண்ணே. நான் போய் பி.எம். கிட்டச் சொல்லிடுறேன்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இருவத்தஞ்சு வருசம் தாயி. ஒரு தாள் வாங்கல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

4. இரண்டு நாளுக்கு நடுவே

மறுநாள் காலை பி.எம். அறைக்குப் போனேன்.

"சார், அந்த மெமோ லிஸ்ட்டு தப்பு சார். என்மேலதான் தப்பு. ஒரு குறியைத் தப்பாப் போட்டுட்டேன்."

"நீ தப்புப் பண்ணலாம்மா. மெஷின் பண்ணாதுல்ல?"

"மெஷின் நான் சொன்னதைத்தான் சார் செய்யும்."

"அப்ப நீ சரியாத்தான் சொல்லியிருக்கே."

"இல்ல சார், ஒரு நாள்கூட லீவு போடாதவங்களுக்கும் மெமோ போயிருக்கு. சவரிமுத்துன்னு ஒருத்தரு..."

"இரு இரு. அவன் யோக்கியதையைக் காட்டுறேன்" என்று மேஜை டிராயரிலிருந்து ஒரு நீளத் தாளை எடுத்து விரித்தார். அதுவும் என் கைவேலைதான். மெமோ அடித்த அன்றே, வராத நாட்களை எல்லாம் # குறியாக மாற்றி எம்.டி.க்கு ஒரு சார்ட் வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒரு எழுத்தை இன்னொன்றாக மாற்றுகிற செட் (sed) என்ற கட்டளையைக் கொண்டு, டோக்கன் நம்பரை விட்டுவிட்டு அந்தப் பத்து எழுத்தில் எங்கெல்லாம் 'A*' பொருந்துகிறதோ அங்கெல்லாம் # போடு என்று சொல்லி, அடித்துக் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

சவரிமுத்துவின் வரி இப்படி இருந்தது:

#P#P#P#P#P#P#P#P#P#P#

வெறுமை எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் மெஷின் ஒரு குறியைக் குத்தியிருந்தது. முதல் நாளுக்கு முன்னால் ஒன்று, ஒவ்வொரு நாளுக்கும் நடுவே ஒன்று, கடைசி நாளுக்குப் பின்னால் ஒன்று.

"எண்ணிப் பாரு. பதினொண்ணு. பத்து நாளுக்குள்ள பதினோரு தடவை ஒருத்தன் வராம இருந்திருக்கான்னா அவன் எம்புட்டுப் பெரிய ஆளா இருப்பான்?"

"சார், இது ரெண்டு நாளுக்கு நடுவுல விழுந்திருக்கு சார்."

"அதைத்தான் நானும் கேக்குறேன். திங்களுக்கும் செவ்வாய்க்கும் நடுவுல எங்கம்மா போனான்?"

"வீட்டுக்குப் போனாரு சார்."

"யாரைக் கேட்டுப் போனான்?"

அவர் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு வரியிலும் குறிகளை எண்ணவைத்து, அதிகம் உள்ளவரை மேலே போட்டு, மோசமானவர்கள் பட்டியல் ஒன்று தயாரித்திருந்தார். மூன்று நாள் சேர்ந்தாற்போல் போனவருக்கு எட்டுக் குறி. பத்து நாளும் மில் பக்கமே தலைகாட்டாத ஒருவருக்கு, பத்து A-யும் சேர்ந்து ஒரே பொருத்தமாகி, ஒரே ஒரு குறி. "இவன் பரவாயில்ல, திருந்துற ஆளு" என்று அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை மையில் டிக் அடித்திருந்தார். ஒரு நாளும் தவறாமல் வந்தவர்கள் எல்லோரும் பதினோரு குறியோடு பட்டியலின் உச்சியில் இருந்தார்கள்.

"சேர்மன் மாலை போட்ட மெஷினும்மா அது. மொத வேலையே தப்புன்னு நான் போய்ச் சொன்னா என்ன ஆகும்? பூஜ்ஜியமும் ஒரு நம்பர்தானே, விளக்கம் குடுக்கட்டும். ஏத்துக்கிறதா வேணாமான்னு நான் பாத்துக்கிறேன்" என்றவர், குரலை இறக்கி, "உன் புரொபேஷன் ஃபைலும் எங்கிட்டத்தான் இருக்கு" என்றார்.

வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். தைரியசாலி என்று காட்டிக்கொள்ள இத்தனை வருஷம் கழித்து ஆசையாகத்தான் இருக்கிறது. அன்று எனக்குப் பயம். அவ்வளவுதான்.

ஆனால் வெளியே வரும்போது ஒன்றைப் பார்த்திருந்தேன். அந்த சார்ட்டின் மேல் ஓரம், ஸ்கேல் வைத்து, ஒரே ஒரு வரி அளவுக்குக் கிழிக்கப்பட்டிருந்தது. ஒன்றாம் டோக்கன் வரி.

5. ஒன்றாம் டோக்கன்

"மாயாண்டி அண்ணே, ஒண்ணாம் நம்பருக்கும் மெமோ போச்சா?"

"போகாம? எண்ணூத்தி நாப்பத்தி மூணுல அவரும் ஒருத்தருதானே. நான்தான் கொண்டுபோய் அவருக்கிட்டயே குடுத்தேன். அவரு ஸ்டாம்பை அவருக்கே குத்தி."

"என்ன பண்ணாரு?"

"ரெண்டு நிமிசம் மொறைச்சாரு. அப்புறம் பேனாவை எடுத்து 'அழகர் ஆற்றில் இறங்கிய அன்றும் முழு நேரம் மில்லில் பணியில் இருந்தேன்'னு எழுதுனாரு. அதுக்குக் கீழயே 'விளக்கம் ஏற்கப்பட்டது'ன்னு எழுதி, ரெண்டுக்கும் கையெழுத்துப் போட்டு, 'ஃபைல் பண்ணுடா'ன்னாரு. ஃபைல் பண்ணிட்டேன்."

ஆபீசர்களுக்கு வருகைப் பதிவில் எல்லா நாளும் P தான். அவர்கள் எங்கே இருந்தாலும் அது பணிதான். எனக்கோ அந்தப் பணி நடந்த இடம் தெரியும். என் கட்டைவிரலுக்கும் தெரியும்.

மெஷினில் உட்கார்ந்து, இந்தத் தடவை நட்சத்திரம் இல்லாமல், A உள்ள வரிகளைத் தள்ளிவிட்டு மீதியைக் கொடு என்றேன்.

grep -v 'A' varugai

அறுபத்தொரு வரி வந்தது. திருவிழாவுக்குப் போகாமல் மில்லில் இருந்த அறுபத்தொரு பேர். முதல் வரி ஒன்றாம் டோக்கன். பெயர்களைச் சேர்த்து அடித்தேன்.

சவரிமுத்து அண்ணன் ஜன்னலுக்கு வந்தபோது கொடுத்தேன். இது அலுவலக ரகசியமா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் ரகசியம் என்பார்கள் என்பதால் யாரையும் கேட்கவில்லை.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து வாசித்தார். முதல் பெயரிலேயே நின்றுவிட்டார்.

"அய்யாவுமா அன்னைக்கு மில்லுல இருந்தாக?"

"பதிவு அப்படித்தான்ணே சொல்லுது. அவரு மெமோவுக்கு அவரே அப்படிப் பதில் எழுதி, அவரே ஏத்துக்கிட்டாராம்."

"அவுக ரூமுக்கு நேரே மேலதானே நம்ம பிளான்ட்டு. விடிய முன்னே இருந்து பொழுது சாயுற வரைக்கும் அங்கேயே கெடந்தேன். கதவு பூட்டிக் கெடந்துச்சே தாயி."

அவர் மெதுவாகச் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"வாரேன்" என்று தாளை மடித்து வைத்துக்கொண்டு போனார்.

6. விளக்கம்

திங்கட்கிழமை பி.எம். என்னையும் மாயாண்டியையும் கூப்பிட்டார். சவரிமுத்து அண்ணன் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார், செருப்பில்லாமல். பி.எம். கையில் ஒரு தாள். மணிமணியான கையெழுத்து. அவர் வாசித்துவிட்டு மேஜையில் போட்டதை நானும் எட்டிப் பார்த்து வாசித்தேன். வார்த்தைக்கு வார்த்தை இன்றும் சொல்வேன்.

"அய்யா அவர்களுக்கு, பணிவான வணக்கம். நான் பூஜ்ஜியம் நாட்கள் பணிக்கு வராமல் இருந்ததற்குக் காரணம், எல்லா நாட்களும் பணிக்கு வந்ததுதான். இதற்குச் சாட்சியாக, அழகர் ஆற்றில் இறங்கிய அன்று மில்லில் இருந்த தங்களையே குறிப்பிடுகிறேன். தாங்கள் அன்று முழு நேரமும் பணியில் இருந்ததாகத் தாங்களே எழுதி, தாங்களே ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அன்று என்னை மில்லில் பார்க்கவில்லை என்று தாங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். நானும் தங்களைப் பார்க்கவில்லை."

பி.எம். என்னைப் பார்த்தார்.

"நீயாம்மா எழுதிக் குடுத்தே?"

"இல்ல சார். லிஸ்ட்டு மட்டும் மெஷின் அடிச்சது. மெஷின் தப்புப் பண்ணாதுல்ல சார்?"

அவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

"ரொம்பப் பேசுறியே. அழகர் இறங்குன அன்னைக்கு நீ எங்க இருந்தே?"

"அப்ப நான் வேலையில சேரல சார். ஆத்துக்குள்ள நின்னேன். நனைஞ்ச பனியனோட யாரோ ஒரு பெரியவரு என் காலை மிதிச்சுட்டுப் போனாரு. 'தள்ளும்மா, சாமி வருதுல்ல'ன்னாரு. நகம் இன்னும் கறுப்பாத்தான் சார் இருக்கு."

பி.எம். என் காலைப் பார்த்தார். பிறகு சொந்தக் காலைப் பார்த்தார். மாயாண்டி இருமல் வந்ததுபோல் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

பி.எம். ஸ்டாம்பை எடுத்து, "விளக்கம் ஏற்கப்பட்டது" என்று எழுதிக் குத்தினார். "மேல்கொண்டு யாருகிட்டயும் பேச வேணாம்" என்றார்.

சவரிமுத்து அண்ணன் பேசியிருக்கமாட்டார். ஆனால் அந்தக் கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்துவைத்திருந்தார். மத்தியானத்துக்குள் மீதி ஐம்பத்தொன்பது பேரும் அதே கடிதத்தை, பெயரை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டு, பி.எம். அறைக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். ஐம்பத்தொன்பது பேருக்கும் அவர்தான் சாட்சி. அன்று அவர் கம்ப்யூட்டரை மேற்பார்வையிட வரவில்லை. சாயந்தரம் வரை ஸ்டாம்ப் குத்திக்கொண்டிருந்தார். மற்ற எழுநூற்றுச் சொச்சம் மெமோக்களும் கொஞ்ச நாளில் பேச்சில்லாமல் அமுங்கிப்போயின. அத்தனை பேருக்கும் பதில் போட மில்லில் தாள் இல்லை என்று மாயாண்டி சொன்னார்.

வெள்ளிக்கிழமை இன்டர்வியூவில் ஆரோக்கியமேரி தேறினாள். டைப் செக்‌ஷனுக்கு எடுத்தவளை நான் கேட்டு வாங்கி எங்கள் பக்கம் போட்டுக்கொண்டேன். என் புரொபேஷனும் பிரச்சினையில்லாமல் முடிந்தது. அந்த ஃபைலில் கையெழுத்துப் போடும்போது பி.எம். கேட்ட ஒரே கேள்வி, "நகம் சரியாயிடுச்சாம்மா?"

அடுத்த வருஷம் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று பி.எம். மில்லுக்கு வந்தார். நிஜமாகவே வந்தார். காலி மில்லில், பூட்டைத் திறந்து, பொழுது சாயும்வரை அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மாடியிலிருந்து இறங்கி வந்த சவரிமுத்து அண்ணன் வாசலில் நின்று, "அய்யா, இன்னைக்கு உங்களைப் பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். அன்று நான் சோதித்த ஐந்து வரிகளும், வர வேண்டியவை. வர வேண்டியது வருகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். வரக் கூடாதது வராமல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. நட்சத்திரம் போடுகிற இடத்திலெல்லாம் "ஒன்றுமே இல்லாவிட்டால் இது என்ன செய்யும்?" என்று கேளுங்கள். மெஷினுக்கு இல்லாததும் ஒரு பொருத்தம்தான். அதைப் பொருத்திக் காட்டிவிட்டு அது தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். தாளை வாங்கிக்கொண்டு ஜன்னலில் வந்து நிற்கப்போவது வேறு ஒருவர்.

ஆரோக்கியமேரி வேலையில் சேர்ந்த அன்று அவளுக்கு நான் கொடுத்த முதல் வேலை ஒரு சோதனை ஃபைல். அதற்கு முதல் வரியாக PPPPPPPPPP என்று அடிக்கச் சொன்னேன்.

"இது யாரு அக்கா?" என்று கேட்டாள்.

"உங்கப்பா. எதை எழுதினாலும் முதல்ல இவருமேல ஓட்டிப் பாரு. இவரு வெளிய வந்தா தப்பு நம்மளோடது."